எண்ணெய் ஊறும் நேரம்

கை வரவில்லை. எங்கே சுற்றினாலும் மனசு அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. செண்பகா வழுக்கினாள், அவள் அப்பா பக்கத்தில்தான் நின்றார், எட்டிப் பிடிக்கக்கூட வேண்டாம், கையை மடக்கினாலே போதும், அவள் தோள் அதற்குள் வந்திருக்கும், ஆனால் கை வரவில்லை. நான் மேல்படியில் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது என் மகள் இரண்டு கையையும் விரித்தபடி பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கம்பி இல்லை, பாறை இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. அவள் அப்பாவின் வலக்கை தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரன், செம்பட்டைத் தாடி, கழுத்தில் கேமரா, பாய்ந்து வந்து அவள் முதுகுப்பையின் பட்டையைப் பற்றி இழுத்துப் பாறைமேல் போட்டான். பிடித்துவிட்டேன், பிடித்துவிட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னான், அவளுக்குச் சொன்னானா தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. நான் இறங்கி ஓடினேன். ஓடுகிற ஓட்டத்தில் என் புருஷனின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு ஓரத்தால், அலட்சியமாக, யார் வீட்டுப் பிள்ளையோ விழுந்த மாதிரி. அதற்குப் பிறகு நான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

இப்போது எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். ஏன் காய்ச்சுகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளை செத்துப் பிழைத்து வந்திருக்கிறாள், கூடாரத்தைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்கக் கிளம்பாமல், நான் கேம்ப் அடுப்பைப் பற்ற வைத்து, வாணலியில் நல்லெண்ணெயை ஊற்றி, கொஞ்சம் மிளகும் ஒரு சிட்டிகை பச்சரிசியும் போட்டு, அரிசி பொரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வருஷா வருஷம் செய்த பழக்கத்தில் கை தானாகச் செய்கிறது. காலையில் மேலிருந்து அருவியைப் பார்ப்பது, திரும்பி வந்து எண்ணெய் தேய்த்து ஊற வைப்பது, வெயில் ஏறினதும் கீழ்ப்பாதையில் இறங்கித் தண்ணீர் சிதறி விழும் ஓரப்பாறையில் தலையைக் கொடுப்பது. எல்லாம் அவர் போட்ட சட்டம். தென்காசிக்காரர், பெயர் குற்றாலிங்கம். ஆடி மாதம் எண்ணெய்த் தலையோடு ஓர் அருவியில் நிற்காவிட்டால் அந்த வருஷமே அவருக்கு வருஷமில்லை. காற்றாலை வேலைக்காக இந்தப் புல்வெளி மாநிலத்துக்கு வந்த முதல் ஆடியிலேயே மேப்பைத் தடவித் தடவி இந்த ஸ்டேட் பார்க்கைக் கண்டுபிடித்தார். வந்து இறங்கினால் கண்ணுக்கெட்டின வரைக்கும் புல். மலை என்று பேருக்கு ஒரு மேடுகூடக் கிடையாது. "மலையே இல்லாத ஊர்ல அருவி எங்கேருந்துங்க விழும்?" என்று கேட்டேன். "பேசாம வாட்டி. இங்க பள்ளத்துல விழுதாம்" என்றார். உண்மைதான். ஆள் உயரப் புல்லுக்குள் நடந்துகொண்டே இருந்தோம், திடீரென்று காலுக்குக் கீழே தரை பிளந்து, ஆறு அதற்குள் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது. அன்று அவர் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிய வேகத்தைப் பார்த்து, நின்றிருந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். நான் வெட்கப்பட்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த மனுஷன்தானா இவர்?

அரிசி பொரிந்துவிட்டது. அடுப்பை அணைக்கிறேன். "செண்பகா, வாட்டி" என்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்துகொண்டு அவள் வருகிறாள். இருபது வயசு. முழங்கையில் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. மறு பேச்சுப் பேசாமல் மரப்பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறாள். மற்ற வருஷங்களில், பிசுபிசுப்பு, நாற்றம், ஃபிரெண்ட்ஸ் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அரைமணி நேரம் சண்டை போடுவாள். இன்றைக்குக் குழந்தை மாதிரி தலையைக் கொடுக்கிறாள். உச்சியில் எண்ணெயை வைத்து அழுத்துகிறேன். மண்டை ஓடு, எலும்பு, இளஞ்சூடு. கீழே அந்தப் பாறைகள். இந்த மண்டையும் அந்தப் பாறைகளும். வேண்டாம், நினைக்காதே. மேசையின் அடுத்த முனையில் அவர் உட்கார்ந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிகிறது, நீலச் சட்டை, அவ்வளவுதான், அதற்கு மேல் பார்க்க மாட்டேன். "எப்படிட்டி வழுக்குச்சு?" என்று மகளிடம் கேட்கிறேன். "உங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு போட்டோ எடுக்கலாம்னு திரும்பினேம்மா. பாசி இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா என்னையே பாத்துட்டு நின்னாங்கம்மா" என்கிறாள். "ம்" என்கிறேன். "நேத்து கோவத்துல நின்னாங்களா?" என் விரல்கள் அவள் முடிக்குள் அப்படியே நின்றுவிடுகின்றன. நான் யாரிடமும் சொல்லக் கூடாது, எனக்கே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அமுக்கி வைத்திருந்ததை இவள் இவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம்தான் அவள் அதைச் சொன்னாள். கரியில் சோளக்கதிர் வாட்டிக்கொண்டிருந்தோம். தான் காலேஜுக்குப் போவதை நிறுத்தி ஒரு செமஸ்டர் ஆகிறது என்றாள். இன்ஜினியரிங் பிடிக்கவில்லை, ஒரு பேக்கரியில் வேலைக்குப் போகிறேன், மாவு பிசைகிறேன், சந்தோஷமாக இருக்கிறேன், உங்களிடம் இவ்வளவு நாள் சொல்லாதது தப்புதான் என்றாள். சோளம் ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தது, யாரும் திருப்பவில்லை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், கத்துகிற மனுஷனை எனக்குச் சமாளிக்கத் தெரியும். மெதுவாகத்தான் சொன்னார். "எனக்குப் பிள்ளையே பொறக்கலன்னு நெனச்சுக்கிடுதேன்." சொல்லிவிட்டு, தலை வலிக்கிறது என்று கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த ஒரு வரி ராத்திரி முழுக்க எனக்கும் அவருக்கும் நடுவில் கிடந்தது. ஆனால் காலையில் அவர்தான் முதலில் எழுந்து காபி போட்டார். அவளுக்குச் சீனி குறைவாக, எனக்குத் தூக்கலாக, சரியாகப் போட்டார். "தண்ணி நல்லா விழுது, சத்தம் கேக்குதா?" என்று பொதுவாகக் கேட்டார். கோபம் இறங்கிவிட்டது, இன்னும் இரண்டு நாளில் அவளோடு பேக்கரி ரொட்டியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். காபி போட்டுக் கொடுத்த கை. ஒருமணி நேரத்துக்குள் அதே கை தொங்கிக்கொண்டு நின்றது. பிள்ளையே பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டால் எதற்குக் கை நீட்ட வேண்டும்? பிறக்காத பிள்ளை எங்கே விழுந்தால் என்ன? ஐயோ, நான் என்ன நினைக்கிறேன். இப்படி ஒரு நினைப்பு ஒரு பெண்டாட்டிக்கு வரலாமா? வந்துவிட்டது. வந்ததை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

செண்பகாவுக்குத் தேய்த்து முடித்து என் தலையில் நானே எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். வழிந்து கழுத்தில் இறங்குகிறது. கையை இறக்கும்போது மணிக்கட்டில் அந்தத் தழும்பு கண்ணில் படுகிறது. கல்யாணமான புதிதில் செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் போனோம். மழைக்காலம், வேர்களெல்லாம் ஈரம். நான் புதுச்செருப்போடு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு திருப்பத்தில் கால் வாரியது. விழுகிறோம் என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் கை என் மணிக்கட்டில் இருந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த ஆள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கை மட்டும் பின்னால் வந்து பிடித்தது. பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் நொறுங்கித் தோலுக்குள் ஏறிவிட்டது. "கையை ஒடிச்சிட்டியளே" என்று அழுதேன். "கைதானே. நீ இருக்கேல்லா" என்றார். அந்த அருவியின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளில் ஏறி வேலை பார்த்த கை, இங்கேயும் உயரத்தில் தொங்கிக்கொண்டு போல்ட்டு முடுக்குகிற கை, ஊறுகாய்ப் பாட்டில் மூடி திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கொண்டு வந்து நீட்டுகிற கை. யோசித்து நீட்டுகிற கை இல்லை அது, அவருக்கே தெரியாமல் நீளுகிற கை. அப்படியானால் இன்றைக்கு அவர் யோசித்திருக்கிறார். யோசித்து நிறுத்தியிருக்கிறார். நீளப் போன கையை உள்ளேயிருந்து பிடித்து வைத்திருக்கிறார். இதைவிடப் பெரிய கொடுமையை எனக்குக் கற்பனை பண்ணத் தெரியவில்லை.

எண்ணெய்க் கிண்ணத்தை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளுகிறேன். "உங்கப்பாட்ட சொல்லு, அவியளே தேச்சுக்கிடட்டும்" என்கிறேன் மகளிடம். எங்கள் வீட்டுச் சண்டைக்கு இதுதான் முறை. எனக்குக் கோபம் வந்தால் முகம் பார்க்க மாட்டேன், நேரே பேச மாட்டேன், எல்லாம் செண்பகா வழியாகப் போகும், வரும். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு இந்த உத்தியோகம். உங்கப்பாட்ட சாப்பிட வரச் சொல்லு. உங்கம்மாட்ட உப்பு பத்தலன்னு சொல்லு. இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் அவர் வேண்டுமென்றே பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்பார், நான் சிரித்துத் தொலைப்பேன். இன்றைக்கு இரண்டு நாளில் தீராது. "அப்பா, எண்ணெய்" என்கிறாள் செண்பகா. அவரிடமிருந்து ஒரு முனகல் வருகிறது, சொல் இல்லை. பதில் சொல்வதற்குக்கூட இஷ்டமில்லை துரைக்கு. திரும்பி வரும்போதும் இப்படித்தான், பாதையெல்லாம் ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார், சரக் சரக்கென்று, பின்னாலேயே அந்தச் சத்தம். காலைத் தூக்கி வைத்து நடந்தால் என்ன என்று திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், கேட்டால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வழியில் புல் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூக்கள். எவ்வளவு அழகான இடத்தில் எனக்கு இது நடக்கிறது.

புல்லுக்குள்ளிருந்து அந்தச் செம்பட்டைத் தாடிக்காரன் வருகிறான். கையில் செண்பகாவின் தண்ணீர் பாட்டில். பாறையில் கிடந்ததாம், எங்கள் கூடாரத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டு வந்திருக்கிறான். எங்கள் எண்ணெய் வழிகிற தலைகளைப் பார்த்து ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, நல்ல மனுஷன், ஒன்றும் கேட்கவில்லை. நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறேன், எண்ணெய்க் கை என்பதுகூட நினைவில்லை, அழுகை வருகிறது, இங்கிலீஷ் போய்விடுகிறது. அவன் என் புருஷனிடம் போய்க் கையை நீட்டுகிறான். அவர் எழுந்திருக்கவில்லை. இடக்கையைக் கொடுக்கிறார். இடக்கையை. பிள்ளை உயிரைக் காப்பாற்றினவனுக்கு இடக்கை. பேப்பர் போடுகிற பையனிடம்கூட வலக்கையால்தான் வாங்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அந்த வெள்ளைக்காரனுக்கு இடது வலது தெரியாது, அவன் குலுக்குகிறான், எனக்குத் தெரியுமே, எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. இந்த அவமானத்தை யாரிடம் சொல்ல? நீங்கள் நலமா சார் என்று அவன் கேட்கிறான். குனிந்து, அக்கறையாக, இரண்டு தடவை கேட்கிறான். அவர் என்னவோ குழறுகிறார். பிள்ளை விழும்போது சும்மா நின்றவனைக் கேட்கிற கேள்வி அது, குத்திக் காட்டுகிறான், காட்டட்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். நான் இன்னொரு முறை நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறேன். போகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறான்.

எண்ணெய் ஊற வேண்டும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. மற்ற வருஷங்களில் இந்த நேரந்தான் எனக்குப் பிடித்த நேரம், வேலை இல்லை, பேச்சு இல்லை, வெயிலில் உட்கார்ந்து தலை கனக்கக் கனக்க அரைத்தூக்கம். அவர் தூரத்துக் காற்றாலைகளைப் பார்த்து எது சரியாகச் சுற்றவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். இன்றைக்கும் அவை சுற்றுகின்றன. புல்லில் காற்று அடித்து, அமுங்கி, எழுகிறது. நான் மனசுக்குள் வாக்கியங்களைச் செய்து பார்க்கிறேன். வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டியவை. இனிமேல் உங்களோடு ஒரு கூரைக்குக் கீழ் என்னால் இருக்க முடியாது. செண்பகாவை அழைத்துக்கொண்டு போகிறேன். பேக்கரி இருக்கிற ஊரில் ஒரு சின்ன வீடு. நான் ஸ்கூல் கேன்டீனில் பரிமாறுகிறவள், எந்த ஊரிலும் ஸ்கூல் இருக்கும், எந்தப் பிள்ளைக்கும் பசிக்கும். வாக்கியம் வரைக்கும் நன்றாக வருகிறது, அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கப் போனால் அங்கே அந்தக் கோணல் சிரிப்பு வந்து நிற்கிறது. இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கோபத்தில் அவர் எப்படி இருப்பார் தெரியும், பொய் சொல்லும்போது, சீட்டில் தோற்கும்போது, அவர் அப்பா செத்தபோது எப்படி இருந்தார் என்று எல்லாம் தெரியும். இது புது முகம். கூடவே படுத்து எழுந்த ஆளுக்குள் இப்படியொரு ஆள் இவ்வளவு காலம் எங்கே இருந்தான்? எனக்குத் தெரியாமல் எப்படி இருந்தான்?

"அம்மா." செண்பகாதான். "அப்பா எண்ணெயைச் சட்டையில கொட்டிட்டாங்க." கொட்டட்டும். "அம்மா, கிண்ணத்தைப் பிடிக்கத் தெரியாம..." "கொட்டட்டும்டி. கோவத்தை எண்ணெய்ல காட்டுதாக. உங்கப்பாட்ட சொல்லு, நான் இந்த வருஷம் அருவிக்கு வரல. இனிமே எந்த வருஷமும் வரல." இவ்வளவும் புல்லைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். பெஞ்சு கிரீச்சிடுகிறது. அவர் எழுந்திருக்கிறார் போல. சரக், சரக். என்னை நோக்கித்தான். என் முதுகு விறைத்துக்கொள்கிறது. திரும்ப மாட்டேன். என்ன சொன்னாலும் திரும்ப மாட்டேன். பின்னால் வந்து நின்று என் தலையில் கை வைக்கிறார். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான், நான் என்னதான் சுயமாகத் தேய்த்துக்கொண்டாலும் அது தேய்ப்பே இல்லை என்று சொல்லி இரண்டு உள்ளங்கையாலும் உச்சியைப் பிடித்து, பெருவிரலைப் பின்கழுத்தில் கொடுத்து அழுத்துவார், கண் சொருகும். சமாதானத்துக்கு வந்திருக்கிறார். எண்ணெய் தேய்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார். தட்டிவிட வேண்டும். தட்டிவிட நான் கையைத் தூக்குகிறேன், பாதியில் நிற்கிறேன். ஒரு கைதான் தேய்க்கிறது. இடது பக்கம் மட்டும் விரல்கள் நடக்கின்றன. வலது பக்கம் ஒரு கனம் வந்து விழுகிறது. அவர் அதைத் தூக்கி வைத்திருக்கிறார், தன் கையைத் தானே தூக்கி என் தலையில் வைத்திருக்கிறார். அது அழுத்தவில்லை. பிடிக்கவில்லை. பிழியாத ஈரத்துணி மாதிரி காதோரம் வழுக்கி, என் தோளில் விழுந்து, அங்கிருந்தும் சரிந்து தொங்குகிறது.

திரும்பிப் பார்க்கிறேன். வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்து உதட்டோரம் எச்சில் வழிகிறது, அவருக்குத் தெரியவில்லை. மறுபக்கம் மட்டும் மேலே ஏறி நிற்கிறது. அதைத்தான் நான் சிரிப்பு என்று வைத்திருந்தேன். கண் இரண்டும் அவருடைய கண்தான், பயந்துபோன கண், நான் பார்ப்பதற்காக இவ்வளவு நேரம் காத்திருந்த கண். கேன்டீனில் கை கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் படம் ஞாபகம் வருகிறது. தினமும் பார்க்கிற படம், ஒரு பக்கம் தொங்கும் முகம், ஒரு பக்கம் தொங்கும் கை, குழறும் வாய். வீட்டுச் சமையலின் மஞ்சள் கறை போக நகத்தைத் தேய்த்துக்கொண்டே எத்தனை தடவை படித்திருக்கிறேன். "ஏங்க, ரெண்டு கையையும் தூக்குங்க" என்கிறேன். நேரே அவரிடம், மகள் வழியாக இல்லாமல். இடக்கை மேலே போகிறது. வலக்கை போகவில்லை. அவர் அதைக் குனிந்து பார்க்கிறார், போ என்று சொல்வதுபோல் பார்க்கிறார். அது போகவில்லை. இதே பார்வைதான். பாறையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாரே, அந்தப் பார்வைதான். "செண்பகா, ஓடு. இங்க போன்ல சிக்னல் கிடைக்காது. பார்க் வாசல் ஆபீசுக்கு ஓடு. ஸ்ட்ரோக்னு சொல்லு." அவள் எண்ணெய் வழிகிற தலையோடு, செருப்பில்லாமல், புல்லுக்கு நடுவே ஓடுகிறாள். தூரத்தில் அந்தத் தாடிக்காரன் அவளைப் பார்த்துவிட்டுக் காரின் கதவைத் திறப்பது தெரிகிறது.

அவரைக் கீழே பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையை என் மடியில் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டுகிறார். கொடுக்கக் கூடாது, விழுங்க முடியாது, அதுவும் அந்தப் படத்தில் இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது, பக்கத்தில் ஒரு ஆறே விழுந்துகொண்டிருக்கிறது. அரிசி பொரியும் வரைக்கும் காத்திருந்தேனே. மிளகு போட்டேனே. பிள்ளை தலையில் பொறுமையாகத் தேய்த்தேனே. இடக்கையைக் கொடுத்தார் என்று கூசினேனே, காலைத் தேய்த்தார் என்று எரிந்தேனே, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால், முகத்தைப் பார்த்துத் திட்டியாவது இருந்தால். மற்ற பெண்களெல்லாம் சண்டை என்றால் முகத்துக்கு நேரே நின்று கத்துகிறார்களே, எனக்கு ஏன் இந்த முறை? அவர் ஏதோ சொல்லப் பார்க்கிறார். சத்தம் மட்டும் வருகிறது, உருண்டு, உருவம் இல்லாமல். பேசாதீங்க, நான் பாத்துக்கிடுதேன் என்கிறேன். இடக்கையைத் தூக்கி, செண்பகா ஓடின திசையைக் காட்டுகிறார். காட்டிவிட்டு என்னைப் பார்க்கிறார். மறுபடியும் காட்டுகிறார். அவள் நல்லாருக்கா, கீறல்தான், ஒண்ணும் ஆகல, நல்லாருக்கா என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து என் எண்ணெய்க் கையில் உருண்டு ஓடுகிறது.

புல்லை இரண்டாகப் பிளந்த மண்பாதையில் ஆம்புலன்ஸ் வருகிறது. அதற்கு முன்னால் தாடிக்காரனின் கார், அதிலிருந்து செண்பகா குதிக்கிறாள். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு வயது செண்பகாவை விடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். மண்டியிட்டு, அவர் கண்ணில் வெளிச்சம் அடித்து, கையைத் தூக்கிவிட்டு விழுவதைப் பார்த்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கட்டுகிறாள். எல்லாம் மளமளவென்று நடக்கிறது. பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, தெளிவாக, எப்போது ஆரம்பித்தது என்று கேட்கிறாள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், யோசித்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மருந்து கொடுக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் முடிவு செய்வார்கள், எவ்வளவு சரியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நல்லது என்கிறாள். யோசிக்க என்ன இருக்கிறது. இன்றைக்குக் காலையிலிருந்து நான் வேறு எதையுமே நினைக்கவில்லையே. அந்த ஒரு நொடியையே சுற்றிச் சுற்றி வந்து, அதை வைத்தே இவரை விசாரித்து, தீர்ப்பும் எழுதி, தனி வீடும் பார்த்துவிட்டேன். செண்பகா ஸ்ட்ரெச்சரின் மறுபக்கம் நிற்கிறாள். நேற்றிலிருந்து அப்பாவைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தவள், இப்போது அந்தக் கோணிய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று நான் குரலை உயர்த்துகிறேன். இங்கிலீஷ் தடுமாறாமல் வருகிறது.

"என் மகள் அருவிப் பாறையில் வழுக்கினாள். அவளைப் பிடிக்க இவர் கையை நீட்டினார். அப்போது."

அந்தப் பெண் மணி என்ன இருக்கும் என்று கேட்கிறாள். செண்பகா போனை எடுத்து, வழுக்கும்போது அவள் விரல் பட்டுத் தானாகப் பதிவான போட்டோவைத் திறந்து நீட்டுகிறாள். வானமும் பாறையும் கலங்கிக் கிடக்கிற அந்தப் படத்தின் மேலே நேரம் இருக்கிறது. மறு கையால் அவள் அப்பாவின் வலக்கையைப் பிடித்திருக்கிறாள். எண்ணெயில் அது வழுக்கி வழுக்கிப் போகிறது, அவள் விடவில்லை.